சரக்கொன்றை ஆறு வருசமா பூக்கலை, வெட்டிடலாமா?

கேள்வி: 09.03.2024, காலை 7.40

வீட்டு வாசல்ல சரக்கொன்றை வச்சு ஆறு வருசம் முடியப்போகுது. மதுரைக்குப் பக்கம், செம்மண் பூமி. தென்னங்கன்னுக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயிலயே இதுக்கும் ஒரு கிளை எடுத்து விட்டிருக்கேன், தினமும் ஒரு மணி நேரம் ஓடும். வருசத்துக்கு ரெண்டு தடவை யூரியா. மரம் பச்சைப்பசேல்னு மாடி உயரத்துக்கு வந்திருச்சு. பூ மட்டும் இல்லை, ஒரு கொத்துகூட இல்லை. வெட்டிட்டு செம்மயிற்கொன்றை வைக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. வறட்சி தாங்கும், அழகா பூக்கும்னு சொல்லித்தான் இதை வாங்கினேன். வளர்த்தவங்க யாராவது சொல்லுங்க.

09.03.2024, இரவு 9.15

வெட்டாதீங்க. முதல்ல அந்தச் சொட்டுநீர்க் குழாயோட வாயை அடைங்க. யூரியாவை நிறுத்துங்க.

எங்களுக்கு புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குப் பக்கம். எங்க வீட்ல ரெண்டு சரக்கொன்றை இருக்கு. ரெண்டும் 2019 ஆடியில ஒரே நாள்ல, ஒரே நர்சரியில வாங்கி வச்சது. ஒண்ணு அடுப்படிக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடத்துல. இன்னொண்ணு தோட்டத்துக் கோடியில, பொட்டல்ல. அடுப்படி மரம் இன்னைக்கு ஓட்டு விளிம்பைத் தாண்டி நிக்குது, இலை ஒவ்வொண்ணும் கை நீளம். பொட்டல் மரம் அதுல பாதி உயரம்தான் இருக்கும். போன வருசம் சித்திரையில பூத்தது பொட்டல் மரம். அடுப்படி மரத்துல இதுவரைக்கும் ஒரு மொட்டு கிடையாது.

எங்க மாமியார் சொல்றது: "வெக்கை ஏறணும். இலையைக் கொட்டணும். அப்பறம்தான் அது பூக்குற நெனப்பு நெனைக்கும்." தினமும் தண்ணி குடிக்கிற மரம் இலையைக் கொட்டவே மாட்டேங்குது, அதான் விசயம்.

09.03.2024, இரவு 10.50

இன்னொண்ணு. செம்மயிற்கொன்றை வைக்கப்போறேன்னு எழுதியிருக்கீங்க. மே மாசத்துல அது செக்கச்செவேல்னு நிக்கிறதைப் பாத்தா யாருக்கும் ஆசை வரும், எனக்கும் இருந்துச்சு. எங்க வாசல்லயே ஒண்ணு இருந்துச்சு, மடகாஸ்கர்ல இருந்து வந்த மரம்னு பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சப்ப வேரோட பெயர்ந்து குடை மாதிரி மல்லாந்து கிடந்துச்சு. வேரைப் போய் பாத்தேன். எல்லாம் தட்டு மாதிரி பக்கவாட்டுல பரவின வேர், ஆழத்துக்கு இறங்கினது எதுவுமே இல்லை. அது விழுந்து எங்க சுத்துச்சுவர்ல எட்டடி போச்சு. பக்கத்துல தென்னை அத்தனையும் படுத்துச்சு, பலா முறிஞ்சுச்சு.

கண்மாய்க் கரையில ஒரு பழைய சரக்கொன்றை உண்டு. அதுவும் ரெண்டு பெரிய கொப்பை இழந்துச்சு, ஆனா நின்னுச்சு. 2019ல ரெண்டு கன்னு தேடி வாங்கினது அதைப் பாத்துத்தான்.

10.03.2024, காலை 6.30

ராத்திரி படுத்த பிறகு 2017 ஞாபகம் வந்துச்சு, அதையும் எழுதிடறேன்.

2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது எல்லாருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. எங்க போர்ல காத்துதான் வந்துச்சு. தென்னை மட்டை மட்டையா தொங்கிருச்சு. கண்மாய் வெடிச்சு, ஒவ்வொரு வெடிப்புலயும் கை நுழையும்.

அந்த சித்திரையில கரையில நின்ன கொன்றை பூத்த மாதிரி அதுக்கு முன்னாடியும் நான் பாத்ததில்லை, பின்னாடியும் பாக்கலை. ஒரு இலை இல்லை. உச்சியில இருந்து அடிக்கொப்பு வரைக்கும் சரம் சரமா மஞ்சள். பெரிய சரம் ரெண்டு சாண் இருக்கும். தண்ணி லாரிக்குக் குடத்தோட வரிசையில நின்னவங்க எல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க. யாரும் பேசலை. அந்த வருசம் எங்களுக்கு அது ஒண்ணுதான் கண்ணுக்குக் கிடைச்ச நல்ல விசயம்.

12.03.2024, மதியம் 2.05

கேள்வி கேட்டவர்கிட்ட ஒண்ணு கேக்க மறந்துட்டேன். உங்க மரம் சரக்கொன்றைதானா? சிரிக்காதீங்க. எங்க நாத்தனார் சரக்கொன்றைன்னு வாங்கி எட்டு வருசம் வளர்த்தது மஞ்சக்கொன்றையா போச்சு. அது ரோட்டோரத்துல நிக்கிற வேற மரம்.

இலையைப் பாருங்க. சரக்கொன்றையில ஒரு ஈர்க்குக்கு நாலுல இருந்து எட்டு ஜோடி சிற்றிலை இருக்கும். ஒவ்வொண்ணும் பெரிசு, உள்ளங்கை நீளம் வரும், நுனி கூர்மையா முடியும். மஞ்சக்கொன்றையில சிற்றிலை சின்னது, ஜோடி அதிகம், நுனி மழுங்கி நடுவுல லேசா உள்வாங்கியிருக்கும். பூத்துட்டா சந்தேகமே வராது. சரக்கொன்றைப் பூ கீழ்நோக்கித் தொங்கும், மஞ்சக்கொன்றைப் பூ கொப்பு நுனியில மேல்நோக்கி நிமிர்ந்து நிக்கும். காயும் அப்படித்தான். இதுல உருண்டையா கறுத்த குழல், ஒரு முழம்கூட வரும். அதுல தட்டைக் காய்.

இயல்வாகையையும் சில பேர் கொன்றைன்னு சொல்றாங்க. அது இலை புளிய இலை மாதிரி பொடிசு, பாத்த உடனே தெரியும்.

முதுமலையிலயும் வயநாட்டுலயும் காட்டை மூடிப் பரவிக்கிட்டிருக்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ்னு ஒண்ணு இருக்கு, செய்தியில சீமைக்கொன்றைன்னு போடுறாங்க. அதுவும் மஞ்சள் பூதான். வனத்துறையே வெட்டி அகற்றுற மரம் அது. மஞ்சளா பூக்குதேன்னு யாரும் வாங்கி வச்சிடாதீங்க.

12.03.2024, இரவு 8.20

அவர் படம் போட்டிருக்கார். அஞ்சு ஜோடி, பெரிய இலை, கூர் நுனி. சரக்கொன்றைதான். நல்ல மரம், தண்டு நேரா வந்திருக்கு. காத்திருங்க.

17.03.2024, மாலை 5.45

நான் எழுதினதைத் திருத்தணும். "தண்ணியை நிறுத்துங்க"ன்னு பொத்தாம்பொதுவா எழுதிட்டேன். அதைப் படிச்சிட்டு ஒருத்தர் போன கார்த்திகையில வச்ச கன்னுக்கு ஒரு வாரமா தண்ணி விடலையாம், நுனி வாடிருச்சுன்னு எழுதியிருக்கார். எனக்கு மனசே ஆறலை. ஐயா, உடனே ரெண்டு குடம் ஊத்துங்க. அடித்தண்டை நகத்தால லேசா கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா பிழைச்சுக்கும்.

வறட்சி தாங்குற மரம்னா பொறந்த அன்னைக்கே தாங்கும்னு அர்த்தம் இல்லை. ஆழத்துல வேர் இறங்குன பிறகுதான் தாங்கும். முதல் ரெண்டு கோடை நாமதான் காப்பாத்தணும். நான் செஞ்சதைச் சொல்றேன்.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி, ஆழமும் ரெண்டடி. எங்க பக்கம் செம்புறைப் பாறை இருக்கும், மம்பட்டி போகாது, கடப்பாரையால குத்தி உடைச்சோம். அந்த அடிப்பாறையை உடைக்காம மேலாப்புல வச்சா வேர் கிண்ணத்துக்குள்ள சுத்துற மாதிரி சுத்தும். எடுத்த மண்ணோட மூணுல ஒரு பங்கு மக்கின தொழுவுரம். ரசாயன உரம் எதுவும் போடலை. இது வரைக்கும் போட்டதில்லை.

கன்னு வாங்கும்போது கவரோட அடியைத் தடவிப் பாருங்க. நாலு வருசம் கவர்லயே நின்ன உயரமான கன்னு வேண்டாம். ஆளுயரம் இருக்கேன்னு ஆசையா வாங்குவோம், உள்ள ஆணிவேர் சுருட்டிக்கிட்டு கிடக்கும், அது சாகுற வரைக்கும் நேராகாது. முழங்கால் உயரக் கன்னு போதும். கவரைக் கிழிச்சுத்தான் எடுக்கணும், இழுத்து உருவக்கூடாது.

முதல் கோடையில வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ரெண்டு குடம். தினமும் ஒரு சொம்பு ஊத்துறதுக்கு ஊத்தாமலே இருக்கலாம். சொம்புத் தண்ணிக்கு வேர் மேலயே நின்னுக்கும், கீழ இறங்க அதுக்கு என்ன அவசியம்? ரெண்டாவது கோடையில பத்து நாளைக்கு ஒரு தடவை. சுத்தி காஞ்ச தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடாக்கு, தண்டை ஒட்டாம ஒரு சாண் தள்ளி. மூணாவது கோடையில ஒண்ணும் செய்யலை. அந்த வருசம் நான் ரொம்ப பயந்தேன், தினமும் போய்ப் பாப்பேன். தாங்கிருச்சு.

17.03.2024, மாலை 6.10

தண்ணி தேங்குற இடம் மட்டும் கூடாது. சொல்ல விட்டுப்போச்சு. மழைக்காலத்துல ரெண்டு நாள் தண்ணி நிக்கிற பள்ளம்னா வேர் அழுகிப்போகும். களிமண்ணா இருந்தா மேடு கட்டி வைங்க.

02.04.2024, காலை 7.00

பொட்டல் மரம் முக்கால்வாசி இலை கொட்டிருச்சு. நேத்து கூட்டின சருகு நாலு கூடை. பாக்குறவங்க செத்துப்போச்சான்னு கேக்குறாங்க.

21.04.2024, இரவு 8.40

பூத்திருச்சு!

சித்திரை பொறந்து எட்டாம் நாள். வெயில் இந்த வருசம் தாங்கலை, ஏப்ரல்லயே கரூர், ஈரோடு பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தாண்டிருச்சு. எங்க மரத்துல மட்டும் திருவிழா. போன வருசம் பதினொரு சரம் எண்ணினேன், இந்த வருசம் நாப்பதுக்கு மேல, எண்ணுறதை விட்டுட்டேன். மேல இருந்து கீழ விரியும் சரம். மேல பூ, நடுவுல உருண்டை மொட்டு, அடியில பச்சை மணி மாதிரி இத்துனூண்டு மொட்டு. அதனால ஒரு சரமே ரெண்டு வாரத்துக்கு மேல நிக்குது.

காலையில ஆறரைக்கே கருவண்டு வந்திருது. மரத்தூணைத் துளைக்குமே, அந்தப் பெரிய கறுப்பு வண்டு. தேன் குடிக்கும்போது "ர்ர்"னு ஒரு சத்தம் வருது, பறக்குற சத்தத்தைவிட கனமா. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா தூரத்துல மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு.

அடுப்படி மரம் இப்பவும் பச்சை. பாத்திரத் தண்ணியைப் போன மாசமே வாழைக்குத் திருப்பி விட்டாச்சு, ஆனா அது இன்னும் இலையை விடலை.

22.04.2024, மதியம் 1.15

நேத்து எழுதினதுல தப்பு. "தேன் குடிக்கும்போது"ன்னு எழுதிட்டேன். பூச்சியைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் சுட்டிக்காட்டியிருக்கார், இந்தப் பூவுல தேனே கிடையாதாம், வண்டு வர்றது மகரந்தத்துக்காக. அந்தச் சத்தம், றெக்கையை அசைக்காம உடம்பை மட்டும் அதிர வச்சு, மகரந்தப்பையில இருந்து தூளை உதிர்க்கிற சத்தம்.

உடனே ஒரு பூவைப் பறிச்சு வச்சுப் பாத்தேன். மொத்தம் பத்து கேசரம், அதாவது மகரந்தம் தாங்குற காம்பு. மூணு மட்டும் நீளமா, தூண்டில் மாதிரி வளைஞ்சு வெளிய நிக்குது. நாலு நடுத்தரம். மூணு ரொம்பக் குட்டை. வண்டு நடுவுல இருக்கிறதைக் கட்டிப் பிடிச்சு உலுக்கும்போது, நீளமான மூணும் அதோட முதுகுலயும் பக்கத்துலயும் தூளைப் பூசிருது. தின்ன ஒரு பங்கு, கொண்டுபோக ஒரு பங்கு. ஐம்பது வருசமா இந்தப் பூவைப் பாக்குறேன், ஒரு நாளும் எண்ணிப் பாத்ததில்லை.

24.04.2024, இரவு 9.30

தமிழாசிரியர் ஒருத்தர் நல்ல கேள்வி கேட்டிருக்கார். சங்கப் பாட்டுல கொன்றை முல்லை நிலத்து மரம், கார்காலத்துல பூக்கும்னு வருது, நீங்க சித்திரைங்கிறீங்களேன்னு.

நானும் யோசிச்சிருக்கேன். குறுந்தொகையில கோவர்த்தனார் பாட்டு ஒண்ணு உண்டு. தலைவன் கார்காலத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். கொன்றை பூத்திருச்சு, ஆள் வரலை. தலைவி கலங்குறா. தோழி சொல்றா, இது கார் இல்லை, காலம் தப்பி விழுந்த மழை, அதை நம்பி இந்த மடக் கொன்றை பூத்திருச்சுன்னு. தோழி ஆறுதலுக்குத்தான் சொல்றா, ஆனா மரத்தைக் கூர்ந்து பாக்காதவங்களுக்கு அந்தச் சமாதானம் தோணாது.

என் நோட்டுல இருக்கிறதை எழுதறேன். கண்மாய்க்கரை மரம் 2021லயும் 2022லயும் சித்திரை வைகாசியில பூத்துச்சு. 2022 ஆவணிக் கடைசியில மறுபடியும் அங்கங்க சில சரம், முன்ன மாதிரி அடர்த்தியா இல்லை, இலைக்கு நடுவுல. ஆக ரெண்டாம் பூப்பு உண்டு. பாட்டுல வர்றது அந்தப் பூப்புதான்னு சொல்லுற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. ரெண்டாயிரம் வருசத்துல மழை மாறியிருக்கலாம், மாதக் கணக்கு மாறியிருக்கலாம். ஐயா, உங்க ஊர்ல எப்ப பூக்குதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க. கேரளத்துல சீசன்வாட்ச்னு பள்ளிப் பிள்ளைங்க மரத்தை வாராவாரம் பாத்துக் குறிச்சு வைக்கிறாங்க. விஷுக்கனிக்குக் கொன்றை வேணும், ஆனா விஷு வர்றதுக்கு முன்னாடியே பூத்துக் கொட்டிருதுன்னு அங்க பேச்சு.

திருப்பத்தூர் திருத்தளிநாதர் கோயில்ல கொன்றைதான் தலமரம். அடுத்த தடவை போறப்ப அங்க எந்த மாசம் பூக்குதுன்னு கேட்டுட்டு வரணும்.

30.06.2024, மாலை 4.30

பூ முடிஞ்சு இலை தழைஞ்சாச்சு. கவாத்து பண்ணணும்னா இப்பத்தான். மார்கழி தையில வெட்டுனா அடுத்த பூவையும் சேத்து வெட்டுறோம். நான் நிறைய வெட்ட மாட்டேன், காஞ்ச கொப்பு, ஒண்ணோட ஒண்ணு உரசுறது, தலையில இடிக்கிற அளவுக்குத் தாழ்ந்தது, அவ்வளவுதான். அரிவாளால கொத்தக்கூடாது, ரம்பம். கொப்பு தண்டோட சேருற இடத்துல ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டுட்டு அறுத்தா காயம் சீக்கிரம் மூடும்.

சின்ன வயசுல இந்த மரம் வளைஞ்சு நெளிஞ்சுதான் வரும். முட்டுக்கொம்பு ஊனி, பழைய சேலைக் கிழிசலால தளர்வா கட்டுங்க. கம்பியால கட்டுனா பட்டைக்குள்ள ஏறிரும்.

18.08.2024, காலை 9.20

மூணு பேர் ஒரே வாரத்துல கேட்டிருக்கீங்க: இலையெல்லாம் புழு தின்னுருச்சு, என்ன மருந்து அடிக்கணும்?

ஒண்ணும் அடிக்காதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

2021ல நான் அடிச்சேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து, இயற்கை மருந்துதானேன்னு ரெண்டு தடவை. பச்சைப் புழு, பக்கவாட்டுல வெளுத்த கோடு. கொத்துக்கொத்தா செத்து விழுந்துச்சு. நிம்மதியா இருந்துச்சு. அப்பறம் என் மகன் ஒரு படத்தைக் காட்டினான். அது கொன்றை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சியோட புழு. கொன்றை இலைதான் அதுக்குச் சாப்பாடு. மழை முடிஞ்சு எங்க கொல்லையில கூட்டம் கூட்டமா பறக்குமே, இளமஞ்சளும் வெள்ளையுமா, அந்தப் பூச்சி. அந்த வருசம் கொல்லையில ஒண்ணுகூட இல்லை. நான் ஆசையா பாக்குற பூச்சியை நானே மருந்தடிச்சுக் கொன்னுருக்கேன்.

இப்ப ஒண்ணும் செய்யறதில்லை. போன வருசம் பொட்டல் மரத்தை ஈர்க்கு மட்டும் மிஞ்சுற மாதிரி தின்னுச்சு. மூணு வாரத்துல புது இலை செம்பு நிறத்துல வந்திருச்சு. சித்திரையில பூத்தது அதே மரம்தான். ஒரு சாண் கன்னா இருந்தா மட்டும் புழுவைக் கையால எடுத்து பெரிய மரத்துல விடுங்க.

19.08.2024, இரவு 7.50

ஆடு மாடு இதைத் தொடாது, வேலி வேண்டாம்னு தனியா கேட்ட ஒருத்தருக்கு எழுதியிருந்தேன். பொதுவா சரிதான், எங்க ஆடு முத்தின இலையை மோந்து பாத்துட்டுப் போயிரும். ஆனா அவரோட ஆடு குருத்தைக் கடிச்சு வச்சிருச்சாம். வேற பச்சை இல்லாத காலத்துல ஆட்டை நம்பமுடியாது. முதல் வருசம் சுத்தி முள் வைங்க.

05.01.2025, மதியம் 12.10

காய் கறுத்திருச்சு. சித்திரையில பூத்தது மார்கழியிலதான் முத்துது, எட்டு மாசம். காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு தட்டி சத்தம் வருது, எங்க மாமியாருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், கட்டிலை அங்க போடச் சொல்லுவாங்க.

கார் நிறுத்துற இடத்துக்கு மேல இந்த மரம் வேண்டாம். காய் கனமா விழும், விழுந்து உடைஞ்சா உள்ள இருக்கிற கறுப்புச் சதை பிசின் மாதிரி ஒட்டும். சரக்கொன்றைப் புளின்னு சித்த மருந்துல சேக்கிறது அதைத்தான், பேதி மருந்து. இனிப்பா இருக்கும், பிள்ளைங்க நக்கிப் பாக்கும். கொஞ்சம் தின்னாலும் வயிறு போகும். மலச்சிக்கலுக்கு எவ்வளவு சாப்பிடணும்னு கேட்டவருக்கு: வைத்தியர்கிட்டதான் கேக்கணும், நான் சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்துல இருந்து ஒருத்தர் எழுதியிருக்காங்க, அங்க திருக்கொன்றைன்னு சொல்லுவாங்களாம். கோயில் வாசம் உள்ள பேர், எனக்குப் பிடிச்சிருக்கு.

26.01.2025, இரவு 8.00

விதை போட்ட கதை. ஒரு காயை உடைச்சேன், உள்ள காசு அடுக்கின மாதிரி தட்டு தட்டா அறை, ஒவ்வொரு அறையிலயும் ஒரு விதை. 71 விதை. சதையைக் கழுவி எடுக்கவே அரை நாள் ஆச்சு.

இந்த விதை சும்மா போட்டா முளைக்காது, ஓடு கல்லு மாதிரி. காட்டுல நரியும் கரடியும் காயைத் தின்னு, அதுங்க வயித்துல ஓடு இளகி, எச்சத்தோட விழுந்து முளைக்கும். நமக்கு ரெண்டு வழி. 24 விதையை அப்படியே விதைச்சேன். 24ஐ கொதிச்சு இறக்கின வெந்நீர்ல போட்டு மறுநாள் வரைக்கும் ஊற விட்டேன். 23ஐ உப்புத்தாள்ல ஒரு பக்கம் தேச்சு, வெள்ளை தெரிஞ்சதும் ஒரு ராத்திரி ஊற வச்சேன். தேய்க்கும்போது முளை வர்ற கூர்முனைப் பக்கம் படக்கூடாது. நர்சரியில அமிலத்துல ஊற வைப்பாங்க, வீட்ல அந்த வேலையே வேண்டாம்.

23.02.2025, காலை 7.30

நாலு வாரம் ஆச்சு. சும்மா போட்டது 24ல 1. வெந்நீர் 24ல 11. உப்புத்தாள் 23ல 19. ஊறின விதை எது, ஊறாதது எதுன்னு பாத்தாலே தெரியும். ஊறினது ரெண்டு மடங்கு உப்பியிருக்கும். உப்பாததை மறுபடி தேச்சுப் போடுங்க, வீணாக்க வேண்டாம்.

16.03.2025, இரவு 9.45

இந்த இழையிலயே பெரிய திருத்தம் இது.

திண்டுக்கல்ல இருந்து ஒருத்தர் கேட்டார்: "அக்கா, அடுப்படி மரத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுது?" சாதாரணக் கேள்வி. ஒரு வருசமா தண்ணி தண்ணின்னு எழுதிக்கிட்டிருந்த எனக்கு அது தோணவே இல்லை. ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்தேன். பொட்டல் மரத்துக்கு காலை ஏழுல இருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் முழு வெயில். அடுப்படி மரத்துக்குக் கிழக்க பக்கத்து வீட்டு வேம்பு, மேற்க எங்க சுவர். பதினொண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும்தான். மூணு மணி நேரம்!

கொன்றை வெயில் மரம். நிழல்ல நின்னா உயரமா போகும், வெளிச்சத்தைத் தேடி. நான் "தண்ணி குடிச்சு வளர்ந்துச்சு"ன்னு எழுதினது, பாதி நிழலுக்கு வளர்ந்ததா இருக்கலாம். ரெண்டு மரத்துக்கும் தண்ணியும் வேற, வெயிலும் வேற. எது காரணம்னு அந்த ரெண்டை வச்சு நான் சொன்னது தப்பு. அதை நம்பிக் குழாயை அடைச்சவங்க எல்லாரும், தயவுசெஞ்சு வெயிலையும் எண்ணிப் பாருங்க.

கேள்வி கேட்டவரோட மரம் வாசல்ல, கிழக்கு தெற்கு ரெண்டும் திறந்த இடம். அவர் குழாயை அடைச்சு ஒரு வருசம் ஆச்சு. அங்க என்ன நடக்குதோ அதுதான் நல்ல சாட்சி.

29.04.2025, காலை 6.50

அடுப்படி மரத்துல ரெண்டு சரம்! உச்சிக் கொப்புல, ஓட்டுக்கு மேல ஏறி வேம்பு நிழலைத் தாண்டுன இடத்துல மட்டும். கீழ ஒண்ணும் இல்லை. திண்டுக்கல்காரர் கேட்ட கேள்விக்கு மரமே பதில் சொல்லிருச்சு.

11.05.2025, இரவு 10.00

மதுரைக்காரர் படம் போட்டிருக்கார், எல்லாரும் பாத்திருப்பீங்க. மாசிக் கடைசியில முதல் தடவையா இலை கொட்டுச்சாம், வீட்ல பயந்துட்டாங்களாம். இப்ப பதினாலு சரம். அவங்க அம்மா கீழ நின்னு பாத்துக்கிட்டிருக்கிற படத்தை நான் பல தடவை பாத்துட்டேன்.

குழாயை அடைச்சதாலயா, யூரியாவை நிறுத்துனதாலயா, ஏழாவது வருசம் வந்ததால தானாவே பூத்துச்சான்னு கேட்டா, மூணுல எதையும் என்னால தள்ள முடியலை. நாலஞ்சு வருசத்துல பூக்குறதும் உண்டு, எட்டு வருசம் எடுக்குறதும் உண்டு. ஆனா அவர் மறுபடி குழாயைத் திறக்கப்போறதில்லைன்னு எழுதியிருக்கார். சந்தோசம்.

08.06.2025, மாலை 6.15

உப்புத்தாள் கன்னுல பதினாறு தேறிச்சு, வெந்நீர்க் கன்னுல ஏழு. உயரமான கவர்ல மாத்தி வச்சிருக்கேன், வேர் சுருளாம இருக்க. பக்கத்து ஊர்க்காரங்க வந்து வாங்கிக்கலாம், காசு வேண்டாம், முதல் ரெண்டு கோடை தண்ணி ஊத்துறேன்னு சொன்னா போதும்.

ஏழு கன்னு கண்மாய்க் கரைக்கு. கஜாவுல கொப்பு இழந்த மரத்துக்கு வடக்க, பதினஞ்சு அடி விட்டு ஒவ்வொண்ணா. மாமியார் போன வாரமே போய் கல்லு வச்சு இடத்தைக் குறிச்சுட்டு வந்துட்டாங்க. ஐப்பசியில ரெண்டு மழை இறங்கினதும் குழி வெட்டணும். அங்கயும் செம்புறைதான், கடப்பாரைக்கு ரெண்டு ஆள் சொல்லி வச்சாச்சு.